வன்னிப் பள்ளிகளின் நாடகச் சுவடிகள்

1803 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆந் திகதி பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேக் தோற்கடித்தார் என்பது கற்சிலைமடுவில் நாட்டப்பெற்ற கல் கூறுஞ் செய்தி. அதற்கு இரண்டு திங்களின் முன், ஓகஸ்ட் 25 இல், முல்லைத்தீவுக் கோட்டையை அவன் கைப்பற்றியதைக் கல் கூறவில்லை. வென்றவர் எழுத்து அவ்வாறுதான் இருக்கும். அந்த வெற்றியை ஊரார் நெஞ்சிற் பதித்ததில் நாடகமேடைக்குப் பெரும்பங்குண்டு. முள்ளியவளை ஈன்ற ஆசிரியர் முல்லைமணி வே. சுப்பிரமணியம் 'பண்டாரவன்னியன்' என்னும் நாடகம் எழுதியதும் இவ்வுணர்ச்சியினாலேயே என்க.

ஆயின், மேடையின் வரலாற்றை எங்கே தேடுவது? பள்ளிக்கூடத்துச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை நம்பிப் பயனில்லை. பெற்றார் தினவிழாவிற்குத் தலைமை தாங்கிய அதிகாரியின் பெயரும் அவருக்கு மாலை சூட்டியவர் பெயரும் அதிலே தவறாமல் இருக்கும். கண்ணகியாய் நின்று வழக்குரைத்த மாணவன் பெயர் இராது. கணக்குச் சிட்டைகளே இதனினும் வாய்மையுடையன. பெற்றோல்மாக்ஸ் விளக்கின் வாடகை எழுதப்பட்டிருந்தால் நாடகம் இரவில் நடந்தது. சீன் வாடகை இருந்தால் அது திரைகட்டிய மேடை. அது காணப்படாது மத்தளகாரர் கூலி மட்டும் இருந்தால், அங்கே ஆடியது பெரும்பாலும் கூத்தே எனலாம். கசங்கிய ஒரு துண்டுக் காகிதம் இவ்வளவு பேசும்.

எல்லாவற்றினும் அரியது அண்ணாவியாரின் கொப்பி. முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்து விடியவிடிய ஆடப்பெறுவது. அதனைப் பள்ளி மேடைக்குக் கொணர்ந்தவர் ஒரு மணி நேரத்திற்குள் அடக்கவேண்டியவரானார். எந்த விருத்தத்தை விட்டார்? எந்தத் தருவை வைத்துக்கொண்டார்? கொலைக்களத்தைக் காட்டினாரா, உரையாற் கூறி நகர்ந்தாரா? கொப்பியிலே பென்சிலாற் கீறி வெட்டிய வரிகளே இவற்றுக்கு விடை. அவை ஆசிரியரின் சுவையையும், பார்த்திருந்த பெற்றாரின் பொறுமையையும் ஒருங்கே அளந்து காட்டும்.

இவ்வாறு சுருக்குதல் கூத்தைக் கெடுத்துவிட்டதென்று குறைகூறுவோர் உளர். நாம் அதற்கு உடன்படோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' எனச் சுருங்கிய வடிவிற் கூத்துகளை மேடையேற்றியமையாலன்றோ கற்றோர் அக்கலையை மதிக்கத் தொடங்கினர்! பள்ளிப் பிள்ளைகளும் காலிற் சதங்கை கட்டினர். அவரே, மட்டக்களப்பின் 'அலங்காரரூபன் நாடகம்' (1962), நமக்கு அயலாகிய மன்னாரின் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' (1964) முதலியவற்றை அச்சிற் பதிப்பித்துங் காத்தார். சங்கநூற் சுவடி தேடிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் உழைப்போடு ஒப்பவைத்து எண்ணத்தக்க பணி அது.

அச்சேறாதவற்றின் கதி வேறு. கறையான் தின்றது ஒருபுறமிருக்க, 1996 யூலையில் முல்லைத்தீவும் செப்டெம்பரிற் கிளிநொச்சியும் போர்க்களங்களாயின. பின்னர் 2008 இன் பிற்பகுதி முதல் 2009 மே வரை மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோது பள்ளிகள் மரநிழலிலும் தறப்பாளின் கீழும் நடந்தன. ஒரு பெட்டிதான் தூக்கிச் செல்லலாம் என்ற நிலையில் அதிபர் எவரும் சேர்விடாப்பையே எடுப்பர்; நாடகக் கொப்பியை எடார். அது தவறுமன்று. பிள்ளையின் பெயருக்கும் பிறந்த திகதிக்கும் அதுவே சான்று.

ஆகவே, பள்ளியின் அலுமாரியிலே இல்லாததை வெளியிலே தேடுதல் வேண்டும். வவுனியாவிலும் கொழும்பிலும் தொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பழைய மாணவரிடம் ஒரு நிழற்படம், ஒரு நிகழ்ச்சி நிரல், தம் பாத்திரத்திற்குரிய வசனத்தை மட்டும் பெயர்த்தெழுதிய நாலு தாள் இருத்தல் கூடும். வாய்மொழியாகக் கூறுவோரையும் விடலாகாது. ஆனால், இங்கே ஓர் எச்சரிக்கை. நினைவிற் கூறியதையும் ஏட்டிற் கண்டதையும் ஒன்றாய்க் கலந்து எழுதிவிடுவது நமது நூற்றாண்டு மலர்களின் நெடுநாள் நோய். சொன்னவர் யார், எப்போது சொன்னார், அவர் தாமே நடித்தவரா பார்த்தவரா என்பதை ஒவ்வொரு செய்தியின் கீழும் குறித்தல் வேண்டும். 'ஈழத்திலே முதன்முதலாக' என்று தொடங்கும் வாக்கியங்களைச் சான்று கிடைக்கும்வரை எழுதாதிருந்தாற் போதும். மலர் சற்று மெலிந்தாலும் நட்டமில்லை.

உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவர்க்கு இதனினும் நல்ல பயிற்சி யாது? அவர்கள் கொப்பிகளைப் படம்பிடித்து, 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திற்கு ஒரு படியை அனுப்பலாம். மூலம் உரியவரிடமே இருக்கட்டும்; கொடுத்தது திரும்பி வாராது என்ற அச்சத்தினாலேயே பலர் பெட்டியைத் திறப்பதில்லை.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயிலுக்குப் பிறநாடுகளிலிருந்தும் அடியார் வருவர். அவர்களுட் பழைய மாணவர் பலர். அயலிலுள்ள பள்ளிகள் அவ்வாரத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்து, இரண்டு மேசையிட்டு, எழுதத் தெரிந்த நான்கு மாணவரை இருத்தி, அச்செய்தியை முன்கூட்டியே பழைய மாணவர் சங்கங்களுக்கு அறிவித்து வைத்தல் நன்று.