சமையற்காரர் கண்ட ஐம்பதாயிரம் காசுகள்



இங்கிலாந்தில் ஒருவர் வயலில் பழங்காலப் புதையலைக் கண்டெடுத்தால், மறுநாள் நாளேடுகள் அவருடைய பெயருக்கு முன்னால் அவருடைய தொழிலை எழுதுகின்றன. ஓய்வுபெற்ற தோட்டக்காரர், மருத்துவமனைச் சமையற்காரர், வேலையில்லாதவர், உணவகக்காரர். சில ஆண்டுகளாகவே இதைக் கவனித்து வருகிறேன். கண்டெடுத்தவர் பேராசிரியராக இருந்தால் அந்தச் சொல் வெறும் தகவல். சமையற்காரர் என்று எழுதும்போது மட்டும் அதற்குள் ஒரு வியப்புக்குறி ஒளிந்து கிடக்கின்றது. இவருக்கா இது கிட்டியது!

அந்த வியப்பு பாராட்டு அன்று என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிச் சிறிது. மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காண் கருவியை ஏந்திக்கொண்டு, விடுமுறை நாள்களில் உழுத வயல்களில் நடப்பவர்கள் பிரிட்டனில் பல்லாயிரவர் உளர். நில உடைமையாளரின் இசைவு பெற்ற பின்னரே நடக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் தனி அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெரும்பாலான நாள்களில் கிடைப்பவை யாவை? பழைய பொத்தான், ஈயத் துண்டு, துப்பாக்கித் தோட்டாவின் கூடு, குளிர்பானக் குவளையின் வளையம். மழையிலும் குளிரிலும் எட்டு மணி நேரம் நடந்து ஒரு பொத்தானோடு வீடு திரும்புபவர்களே மிகுதி. 2014 முதல் 2017 வரை பிபிசி ஒளிபரப்பிய 'டிடெக்டரிஸ்ட்ஸ்' தொடரில் மெக்கன்சி குரூக் இவர்களை உள்ளபடியே காட்டினார். அதில் வரும் நண்பர் இருவரில் ஒருவர் பாரந்தூக்கி வண்டி ஓட்டுநர். மற்றவர் கிடைத்த கூலி வேலைகளைச் செய்துகொண்டே தொல்லியல் படிப்பவர்.

இனி, செய்திகளில் வந்தவர்களைப் பார்ப்போம்.

1992 நவம்பர் 16. சஃபோக் மாவட்டத்தில் ஹாக்சன் என்னும் சிற்றூர். ஓர் உழவர் தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். தேடித் தருமாறு நண்பர் எரிக் லாஸ் என்பவரைக் கேட்டுக்கொண்டார். லாஸ் ஓய்வுபெற்ற தோட்டக்காரர். ஓய்வுபெற்றபோது அவருக்குப் பரிசாகக் கிடைத்ததே அந்தக் கருவி. சுத்தியலைத் தேடப் போனவர் வெள்ளிக் கரண்டிகளையும் பொன் அணிகளையும் காசுகளையும் கண்டார். சிலவற்றை எடுத்த பின், தோண்டுவதை நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்பினார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து எஞ்சியவற்றை முறைப்படி அகழ்ந்தார்கள். மொத்தம் 14,865 உரோமானியக் காசுகள். அவற்றுடன் இருநூறளவு வெள்ளிக் கலங்களும் பொன் அணிகளும். அவர் நிறுத்தியதால்தான் அவை மரப் பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதையும் அறிய முடிந்தது. வெகுமதி 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. லாஸ் அதை அந்த உழவரோடு பகிர்ந்துகொண்டார். (சுத்தியலும் பின்னர் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் உடைமை!)

நாம் மகிழ்வதற்கும் அந்தப் பெட்டியில் ஒன்று உண்டு. வெள்ளியாலான மிளகுச் சிமிழ்கள் நான்கு. அவற்றுள் ஒன்று அரசமாதரசியின் உருவில் அமைந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உரோமப் பேரரசின் வடகோடியில் இருந்த ஒரு செல்வரின் உணவு மேசைக்கு மிளகு போய்ச் சேர்ந்திருக்கின்றது. அந்த மிளகு விளைந்த இடம் இந்தியாவின் தென்மேற்குக் கரை. பழைய சேர நாடு. முசிறியைப் பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம் இந்தச் சிமிழின் படத்தை நான் மாணவர்களுக்குக் காட்டுவதுண்டு.

அடுத்தவர் டேவ் கிரிஸ்ப். மருத்துவமனையில் சமையற்காரராக இருந்தவர். 2010 ஏப்பிரலில் சோமர்செட் மாவட்டத்தில் ஃப்ரூம் என்னும் ஊருக்கு அருகே, ஒரு வயலில் அவருடைய கருவி ஒலித்தது. ஓரடி ஆழத்தில் களிமண்ணும் சில காசுகளும் வந்தன. பிறகு ஒரு பானையின் வாய்ப்பகுதி தெரிந்தது. உள்ளே காசுகள்.

வாசகரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகள் உழைத்துச் சம்பளம் வாங்கிய ஒரு மனிதர், காலடியில் பானை நிறையக் காசுகளைக் காண்கிறார். அருகில் எவரும் இல்லை. கையில் மண்வெட்டி இருக்கின்றது. அவர் என்ன செய்தார்? குழியை மூடினார். தொல்லியலாளர்களுக்குச் செய்தி அனுப்பினார்.

அவர்கள் வந்து மூன்று நாள்கள் தோண்டினார்கள். பானையிலிருந்த காசுகளை அள்ளிக் கொட்டாமல், அடுக்கடுக்காக எடுத்துத் தனித்தனிப் பைகளில் இட்டார்கள். எண்ணிப் பார்த்தபோது 52,503 காசுகள். எடை ஏறத்தாழ 160 கிலோகிராம். கராசியஸ் என்பவன் உரோமிலிருந்து பிரிந்து பிரிட்டனைத் தனியே ஆண்ட மன்னன். அவனுடைய காசுகளே அந்தப் பானையில் காலத்தால் பிந்தியவற்றுள் அடங்குபவை. ஆண்டுதோறும் சேமித்துப் போட்ட பானையாக இருந்தால் அவை மேலே இருக்க வேண்டும். ஆனால் அவற்றுள் பெரும்பகுதி கீழ் அடுக்குகளில் கிடந்தது. அப்படியென்றால் எல்லாக் காசுகளும் ஒரே சமயத்தில் கொட்டப்பட்டிருக்க வேண்டும். பானையின் சுவரோ மெல்லியது. அத்தனை எடையோடு அதைத் தூக்கி வந்திருக்க இயலாது. முதலில் பானையைப் புதைத்து, பின்னர் காசுகளைக் கொட்டியிருக்கிறார்கள். திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு இப்படிச் செய்வார்களா? இது தெய்வத்திற்கு அளித்த காணிக்கையாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதியதற்கு இவையே காரணம்.

காசுகளை மட்டும் அள்ளி வந்திருந்தால் இந்த அறிவு முழுவதும் அழிந்திருக்கும். 52,503 காசுகள் இருந்திருக்கும். அவை சொல்லும் கதை இருந்திருக்காது. புதையலுக்கு 3,20,250 பவுண்டு மதிப்பிடப்பட்டது. அதைப் பற்றித்தான் நாளேடுகள் பெரிதாக எழுதின. ஒரு சமையற்காரருக்கு அடித்த அதிர்ஷ்டம் என்னும் பார்வையே அதில் மேலோங்கி நின்றது. குழியை மூடிய அந்தச் செயலுக்கு அதிர்ஷ்டம் என்று எவராவது பெயர் சூட்ட முடியுமா? அது தெரிந்தே எடுத்த முடிவு. ஒரு பொருளை விட அது கிடக்கும் இடமும் அடுக்கும் முதன்மையானவை என்பது தொல்லியலின் அரிச்சுவடி. பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் இருந்து கற்கும் பாடத்தை, அந்த மனிதர் சமையலறை வேலைக்கு இடையில் கற்றிருந்தார்.

இவ்வாறு இன்னும் பலர். கெண்ட் மாவட்டத்தில் 2001-இல் ரிங்கில்மியர் பொற்கிண்ணத்தைக் கண்ட கிளிஃப் பிராட்ஷா ஓய்வுபெற்ற மின்பணியாளர். வயலில் ஓரிடம் சற்று மேடாக இருப்பதைக் கண்டு, அது பழங்கால ஈமமேடாக இருக்கக்கூடும் என்று முன்பே ஐயுற்றவர். வின்செஸ்டர் அருகே 2000-ஆம் ஆண்டில் பொன் கழுத்தணிகளைக் கண்ட கெவன் ஹால்ஸ் பூ வணிகம் செய்து ஓய்ந்தவர். எட்டாம் ஹென்றியும் கேத்தரின் அரசியும் தொடர்பான பொற்பதக்கத்தை 2019-இல் கண்டவர் உணவகம் நடத்தியவர். 2009-இல் ஸ்டாஃபோர்ட்ஷைர் புதையலைக் கண்ட டெர்ரி ஹெர்பர்ட் அப்போது வேலையின்றி இருந்தார். பழம்பொருள் சந்தையில் இரண்டரைப் பவுண்டுக்கு வாங்கியதாகச் சொல்லப்படும் பழைய கருவி, 32 இலட்சத்து 85 ஆயிரம் பவுண்டு மதிப்புள்ள ஆங்கிலோ-சாக்சன் பொன்னைக் காட்டியது.

படைவீரர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். டோனி கிளன் ஜெர்மனியில் பணியாற்றிய பிரிட்டிஷ் படை அதிகாரி. கி.பி. 9-ஆம் ஆண்டில் வாருஸின் மூன்று உரோமானியப் படையணிகள் அழிக்கப்பட்ட போர்க்களம் எங்கே என்று அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக வாதிட்டு வந்தனர். கிளன் 1987-இல் முதலில் வட்டாரத் தொல்லியலாளரைச் சந்தித்து இசைவு கேட்டார். பிறகே காலடி வைத்தார். கால்க்ரீசாவில் அவர் கண்ட வெள்ளிக் காசுகளும், அடுத்துக் கிடைத்த ஈயக் கவண் குண்டுகளும் பெரும் அகழாய்வுக்கு வழி திறந்தன. அதுவே அந்தப் போர்க்களம் என்பது பெரும்பான்மையோர் ஏற்கும் கருத்து. மறுப்போரும் இல்லாமல் இல்லை.

எல்லாரும் இப்படி நல்லவர்களா என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகின்றது. இல்லை. 1980-களின் நடுவில் சரி மாவட்டத்தின் வான்பரோ என்னும் இடத்தில், உரோமானியர் காலக் கோயில் ஒன்றை இரவில் வந்த கூட்டம் சூறையாடிற்று. 2015-இல் ஹெர்ஃபர்ட்ஷைரில் இருவர் ஏறத்தாழ 300 காசுகள் கொண்ட வைக்கிங் காலப் புதையலை மறைத்து விற்றனர். 2019-இல் சிறைத் தண்டனை பெற்றனர். ஆல்ஃபிரெட் மன்னனும் மெர்சியாவின் மன்னன் சியோல்வுல்ஃபும் நட்பாக இருந்ததைக் காட்டும் காசுகள் அவற்றில் இருந்தன. அந்த நட்பைப் பழைய வரலாற்று ஏடுகள் மறைத்துவிட்டன. அந்தப் புதையலின் பெரும்பகுதி இன்றுவரை மீட்கப்படவில்லை. அவ்விருவரும் இழந்தது சில ஆண்டுகள். நாடு இழந்தது ஒரு வரலாற்றுப் பக்கம்.

ஆகவே தொல்லியலாளர்கள் சினந்ததில் நியாயம் இருந்தது. 1980-இல் இந்தப் பொழுதுபோக்குக்கு எதிராக ஓர் இயக்கமே நடத்தினார்கள். ஆயினும் அந்தச் சினத்தில் வேறொன்றும் கலந்திருந்ததாக எனக்குத் தோன்றுகின்றது. படித்தவர் தோண்டினால் ஆய்வு, படிக்காதவர் தோண்டினால் கொள்ளை என்னும் மேட்டிமை அது. சினம் மட்டும் இருந்தவரை எதுவும் மாறவில்லை. மாற்றியது வேறோர் ஏற்பாடு. 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும், 1997-இல் தொடங்கிய தொல்பொருள் பதிவுத் திட்டமும்தான். வட்டாரந்தோறும் ஓர் அலுவலர். ஓட்டுநரோ சமையற்காரரோ கொண்டுவரும் பொத்தானைக்கூட அவர் கையில் வாங்கிப் பார்ப்பார், எங்கே கிடைத்தது என்று கேட்பார், பதிவார். இன்று அந்தப் பதிவேட்டில் 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. முனைவர் பட்டத்திற்கு ஆய்பவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். மதிப்போடு கேட்கத் தொடங்கியதும் மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். இவ்வளவுதான் நடந்தது.

இதையெல்லாம் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஏன் எழுத வேண்டும்?

ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் விவரப் படிவம் நிரப்புகிறோம். தந்தையின் தொழில், தாயின் தொழில் என்று இரண்டு கட்டங்கள். பெயரை உரக்கச் சொல்லும் பிள்ளைகள் அந்தக் கட்டம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். லாரி ஓட்டுநர், பாதுகாவலர், செம்பனைத் தோட்டத் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர். பத்து வயதில் இந்தக் கூச்சத்தை அவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தது? 'என் இலட்சியம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் வகுப்பே மருத்துவராகிவிடுகின்றது. அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறிவு என்பது ஒரு சில தொழில்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் அந்தக் கட்டுரைகளுக்கு அடியில் கிடக்கின்றது. நாளேட்டின் வியப்பும் இந்தக் கூச்சமும் ஒரே கிணற்று நீர்.

உலோகங்காண் கருவி எப்படி வேலை செய்கிறது என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒருமுறை விளக்க முயன்றேன். சுருளில் மாறும் மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்கும். அது மண்ணுக்குள் உள்ள உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த உலோகம் திருப்பி அனுப்பும் புலத்தைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்பும். பாதி வகுப்பு கொட்டாவி விட்டது. பின் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், காயில்தானே? எங்க அப்பா வீட்டுல மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுத்துவாரு" என்றான். முன்னே அழைத்தேன். கம்பியை ஏன் நெருக்கமாகச் சுற்ற வேண்டும், மேற்பூச்சு உரிந்தால் என்ன ஆகும் என்பதை வெண்பலகையில் வரைந்தே காட்டினான். என்னைவிடத் தெளிவாக விளக்கினான் என்பதில் ஐயமில்லை. அவனுடைய தந்தையின் தொழிலுக்கு எங்கள் படிவத்தில் எழுதியிருந்தது 'சொந்த வேலை' என்னும் இரண்டு சொற்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு எவரும் இணையத்தில் கருவி வாங்கிக்கொண்டு பூஜாங் பள்ளத்தாக்குக்குக் கிளம்ப வேண்டா! நம் நாட்டுச் சட்டம் வேறு. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, தொல்பொருள் தேடி அகழ்வதற்கு உரிமம் வேண்டும். வீடு கட்டும்போதோ தோட்டத்தில் குழி தோண்டும்போதோ தற்செயலாக ஏதேனும் அகப்பட்டால் மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ அறிவிக்க வேண்டும். அதுவரை அதை அசைக்காமல், கிடந்த இடத்திலேயே விட்டு வையுங்கள்.