பார்த்தீனியம் பிடுங்க ஆள் தேடும் என் பிள்ளைகளுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் இருந்த மாதிரியே கடைசி பெஞ்சும் கடைசி வரை கேட்க வேண்டும்.

போன வாரம் என் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். ஊரில் வாங்கிப் போட்டிருக்கும் மனையில் மழைக்கு அப்புறம் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுகிறாராம். "அத்தை, ஐந்நூறு ரூபாய் ஜிபே பண்ணிடுறேன். யாராவது ஒரு லேடியைக் கூப்பிட்டுப் பிடுங்கச் சொல்லிடுங்களேன்" என்றான்.

நானும் என் வீட்டுத் தோட்டத்துக்கு வழக்கமாக வருகிற அம்மாவையே வரச் சொன்னேன். வந்தார். இத்தனை நாள் பார்த்தும் பார்க்காமல் இருந்ததை அன்றுதான் கவனித்தேன். இரண்டு கண் இமையும் வீங்கியிருந்தன. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது.

"என்னம்மா இது?"

"வெயில் காந்தல் டீச்சர். நாலஞ்சு வருசமா இருக்கு. ராத்திரியானா அரிப்புத் தாங்காது."

என் தோட்டத்தில் அவர் களை பிடுங்குவதும் அதே நாலைந்து வருடமாகத்தான். அவர் கையுறை கேட்டதில்லை. நானும் கொடுத்ததில்லை. அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "பார்த்தீனியம் பிடுங்குவீங்களா?" என்பதுதான்.

அன்று முதல் மனது சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் செடியைத் தெரிந்துகொள்ளுங்கள். பார்த்தீனியம் நம் ஊர்ச் செடி அல்ல, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியைச் சேர்ந்தது. 1950-களில் புனே பக்கம் பெரிதாகக் கண்ணில் பட்டது. அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். இளசாக இருக்கும்போது தரையோடு படர்ந்து, கேரட் இலை மாதிரியும் சாமந்தி இலை மாதிரியும் அழகாகத் தெரியும். முளைத்து ஒன்றிரண்டு மாதத்திலேயே வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். நன்றாக வளர்ந்த ஒரே செடி 10,000-க்கும் மேல் விதை உதிர்க்கும். காற்றிலும் தண்ணீரிலும் வண்டிச் சக்கரத்திலும் அது ஊர் சுற்றும். மண்ணுக்குள் வருடக் கணக்கில் காத்துக் கிடக்கும்.

இந்தச் செடியில் பார்த்தீனின் என்று ஒரு பொருள் இருக்கிறது. தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவது அதுதான். செடியைக் கையால் தொட்டால்தான் வரும் என்று நினைக்காதீர்கள். காய்ந்த செடியின் தூள் காற்றில் வந்து இமையிலும் கழுத்திலும் ஒட்டினாலும் வரும். மகரந்தத்தால் சிலருக்கு மூக்கொழுகலும் இழுப்பும் வரும்.

இனி, இந்த ஒரு வாரத்தில் என் காதில் விழுந்த சமாதானங்களுக்கு வருகிறேன்.

"அவங்களுக்கெல்லாம் பழகிப் போச்சு அத்தை." இதைவிடத் தப்பான பேச்சு கிடையாது. ஒவ்வாமை, முதல் நாள் தொட்டவுடன் வருவதில்லை. திரும்பத் திரும்பப் படப் படத்தான் உடம்பு அதை எதிரி என்று குறித்து வைத்துக்கொள்கிறது. ஒருமுறை குறித்துவிட்டால் லேசில் மறக்காது. அப்புறம் துளி பட்டாலும் பொங்கும். நாம் எதைப் பழக்கம் என்று சொல்கிறோமோ அதுதான் நோய்க்கே காரணம். ஆண்டுக்கு ஒரு முறை பிடுங்குகிற உனக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். தினமும் பத்து மனையில் பிடுங்குகிறவருக்குத்தான் வரும்.

"நான் சின்ன வயசில் பிடுங்கியிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே." ஆகாதது உன் அதிர்ஷ்டம். மாங்காய்ப் பால் பட்டு உன் பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு வாயோரம் புண்ணானது, உனக்கு ஆகவில்லை. அதனால் மாங்காய்ப் பால் நல்லது என்று ஆகிவிடுமா? அமெரிக்காவில் இருக்கும் என் மாணவன் ஒருவன், அங்கே பாய்சன் ஐவி என்ற கொடி பட்டு மகனுக்குக் கொப்பளம் வந்ததைச் சொன்னான். அந்தக் கொடி நம் மாமரத்துக்கும் முந்திரிக்கும் சொந்தம், ஒரே குடும்பம். மூன்று மூன்றாக இலை இருந்தால் தொடாதே என்று அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். நாம் நம் பிள்ளைகளுக்குப் பார்த்தீனியத்தைக் காட்டியாவது கொடுத்தோமா?

"ஒரு மருந்து அடிச்சா எல்லாம் கருகிடும்." கிளைபோசேட்டைத்தான் சொல்கிறீர்கள். பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதுவும் இல்லாமல், மருந்து நிற்கிற செடியைக் கொல்லும், மண்ணுக்குள் இருக்கிற விதையைத் தொடாது. அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். காற்றடித்தால் பக்கத்து வீட்டுக் கத்தரியும் மல்லிகையும் சேர்ந்து கருகும். அந்த மருந்தையும் முகமூடி இல்லாமல் அடிக்கப் போவது யார்? அதே ஐந்நூறு ரூபாய் ஆள்தான்.

"உப்புத் தண்ணி தெளிக்கலாமே." லிட்டருக்கு 200 கிராம் உப்பு, கொஞ்சம் சோப்புக் கரைசல். ரோட்டோரத்துக்கு அது சரி. கீரை போடுகிற மண்ணில் உப்பைக் கொட்டினால் அப்புறம் கீரைக்கு எங்கே போவீர்கள்?

வேலையைச் சரியாகச் செய்யும் விதம் இதுதான். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூக்கும் முன்னால், வேரோடு பிடுங்க வேண்டும். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்குத் துணி கட்டாயம். முடித்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். பூக்காத செடியை எருக்குழியில் போடலாம். பூத்ததைப் போட்டால் விதை எருவோடு தோட்டம் முழுக்கப் போகும், அதைச் சாக்கில் கட்டி ஒதுக்குங்கள். பிடுங்கிய இடத்தைச் சும்மா விடாதீர்கள். ஆவாரையோ கொழிஞ்சியோ விதைத்துவிட்டால் பார்த்தீனியத்துக்கு இடம் கிடைக்காது. ஏற்கெனவே தடிப்பும் அரிப்பும் இருப்பவர் கிட்டேயே போகக் கூடாது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆயின்மெண்டை மாதக் கணக்கில் தடவவும் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது வெளியூரில் இருப்பவர்களுக்கு. உங்களில் எத்தனை பேர் ஊரில் மனை வாங்கிப் போட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். விலை ஏறட்டும் என்று வருடக் கணக்கில் சும்மா கிடக்கிறது. அங்கே விலை ஏறுகிறதோ இல்லையோ, பார்த்தீனியம் ஏறுகிறது. இலாபம் உங்களுக்கு, அரிப்பு அந்த அம்மாவுக்கு. இது என்ன கணக்கு? நான் சொல்லிக் கொடுத்த கணக்கு இல்லை இது.

உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு ஞாபகம் இருக்கிறதா? உங்களை வரிசையாக நிறுத்தி, மைதானத்தில் இருந்த பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கச் சொன்னவள் நான். அதிகம் பிடுங்கிய வரிசைக்குக் கைதட்டல் வேறு. ஒருத்தி மறுநாள் முகமெல்லாம் வீங்கி வந்தாள். "வெயிலில் விளையாடியிருப்பாய்" என்று சொல்லி உட்கார வைத்தேன். எனக்கு அப்போது தெரியாது. ஆனால் டீச்சர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவள் இதைப் படித்தால், என்னை மன்னித்துவிடம்மா.

அண்ணன் மகனிடம் சொல்லிவிட்டேன். ஐந்நூறு வேண்டாம். அடுத்த லீவுக்கு நீயே வா. நாலு ஜோடி கையுறை வாங்கி வா. நீ, உன் மனைவி, நான், காலையில் இரண்டு மணி நேரம். வர முடியாவிட்டால் நியாயமான கூலியோடு கையுறை, மாஸ்க் எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடு. இரண்டும் முடியாதென்றால் மனையை விற்றுவிடு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "பொங்கலுக்கு வர்றேன் அத்தை" என்றான்.

அந்த அம்மாவுக்கு இப்போது பூப்பறிக்கிற வேலையும் தண்ணீர் ஊற்றுகிற வேலையும்தான். கூலி அதேதான். களையை நான் பிடுங்குகிறேன். முட்டி வலிக்கிறது. வலிக்கட்டும்.

நீங்கள் கடைசியாகப் பணம் அனுப்பிப் பிடுங்கச் சொன்னபோது அவர் கையில் என்ன இருந்தது என்று ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, கீழே எழுதுங்கள். இது வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்