முதல்ல சில்லைச் சுத்திப் பாப்பம்

ட்ரயல்ஸ் சைக்கிளில் பின்சில்லில் மட்டும் நின்று மதிலுக்கு மதில் பாயும்போது எங்களைத் தாங்குவது பிரேக்தான். பிடித்தால் சில்லு துளிகூட அசையக்கூடாது. அதனாலதான் டிஸ்க் தட்டு உரசுற சத்தம் கேட்டதும் பதறிப்போய், "புதுசு போடுங்கோ" என்று கடையில் சொன்னவுடன் காசைக் குடுத்திட்டு வாறம். இது அவசரம் என்பதுதான் எங்கட கருத்து.

முதலில் சில்லு சட்டத்தில் சரியாக இருக்கோ பாருங்கோ. பிறகு தூக்கிச் சுத்துங்கோ. சுற்று முழுக்க உரசினால் அநேகமாக விலகி நிற்பது காலிப்பர். அதன் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி மாறி மாறி இறுக்கினால் பெரும்பாலும் சரி. ஒரே இடத்தில் மட்டும் உரசினால் தட்டு வளைந்திருக்கு. அதையும் சுத்தமான ஸ்பனரால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். எண்ணெய் மட்டும் படக்கூடாது, பட்டால் பிரேக் வழுக்கும்.

வெடிப்பு இருந்தாலோ, தட்டில் பொறித்திருக்கும் ஆகக்குறைந்த தடிப்பை விட மெலிந்தாலோ மாற்றத்தான் வேணும். அதில கஞ்சத்தனம் பார்க்கேலாது, விழப்போறது நாங்கள். ஆனால் எது வளைவு, எது விலகல் என்று தெரியாமலே புதுசு போட்டால், அடுத்த கிழமையும் அதே சத்தம்தான் கேட்கும்.