இயந்திரத்துக்கு வரிசை போதும், நமக்கு?

தம்பி, தங்கைகளே! கணினியில் பாடம் படிக்கும்போது விடை தவறாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? சட்டென்று வேறு ஒரு விடையை அழுத்தி, 'சரி' என்று வந்ததும் அடுத்த பாடத்துக்கு ஓடிவிடுவீர்கள், அப்படித்தானே? அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு புதுமையான மில்லிங் மெஷினை இயக்கிக் காட்டினார்கள். உலோகத்தைச் செதுக்கும் அந்த இயந்திரத்தின் கைப்பிடியை யாரும் திருப்பவில்லை. துளையிட்ட காகித நாடா ஒன்று ஓடியது. 'இங்கே நகர், இவ்வளவு வெட்டு' என்று அதில் இருந்த கட்டளைகளை இயந்திரம் ஒவ்வொன்றாக நிறைவேற்றியது. ஹெலிகாப்டர் இறக்கை செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனையில் பிறந்தது இது. இன்றைய சி.என்.சி. இயந்திரங்களுக்கு இதுதான் தாத்தா!

நாடாவில் ஓர் எண் தவறாக இருந்தால்? இயந்திரம் யோசிக்காது. தவறாகவே வெட்டிவிடும்!

அதே காலத்தில், பாடத்தையும் இப்படி வரிசையாகச் சொல்லித்தர ஒருவர் விரும்பினார். அவர் உளவியல் அறிஞர் ஸ்கின்னர். 1953-இல் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். சில பிள்ளைகள் முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள், சிலர் திணறினார்கள். விடை சரியா என்பதும் உடனே தெரியவில்லை. அடுத்த ஆண்டே 'கற்பிக்கும் இயந்திரம்' ஒன்றைச் செய்து காட்டினார். பாடம் சின்னச் சின்னப் படிகளாக வரும். ஒரு படி சரியானால்தான் அடுத்த படி. அவரவர் வேகத்தில் படிக்கலாம்.

வாய்ப்பாடு பழக இது நல்ல முறைதான். ஆனால், விடை ஏன் தவறானது என்று அது கேட்காதே!

1967-இல் சீமோர் பாப்பர்ட்டும் நண்பர்களும் லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதில் நாம் சொல்கிறபடி நடந்து கோடு போட ஓர் ஆமை உண்டு. சமபக்க முக்கோணம் வரைய, '100 முன்னே போ, 60 டிகிரி திரும்பு' என்று மூன்று முறை சொல்லிப் பாருங்கள். முக்கோணத்தின் கோணம் 60 தானே! ஆனால் வருவது முக்கோணம் இல்லை, அறுகோணத்தில் பாதி!

இப்போது நீங்களே ஆமையாகித் தரையில் நடந்து பாருங்கள். மூலையில் 60 டிகிரி திரும்பினால் போதவில்லை; 120 டிகிரி திரும்ப வேண்டியிருக்கிறது. உள்கோணம் வேறு, நாம் திரும்பும் கோணம் வேறு என்பது அப்போதுதான் புரியும். அதைச் சொல்லித்தந்தது எது? நீங்கள் செய்த தவறுதான்!

எனவே, இனி விடை தவறானால் அவசரப்பட்டு அடுத்ததை அழுத்தாதீர்கள். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எங்கே வழுக்கியது என்று தேடுங்கள். புரியாவிட்டால் ஆசிரியரிடம் கேளுங்கள். அதில் வெட்கமே வேண்டாம். நாடாவில் உள்ளதைச் செய்து முடிக்க நீங்கள் மில்லிங் மெஷின் இல்லையே! என்ன, செய்வீர்கள்தானே?