வெயில் யாரை அடிக்குது?

வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல வேலை பாக்குற ஒடிசா பையன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில எனக்குப் பழக்கம். நாலு நாள் லீவு கேட்டிருக்கான். "போயிட்டு வா, சம்பளத்துல பிடிப்பாங்க"ன்னாராம் சூப்பர்வைசர். இவன் கையில இருக்குற தமிழ் கத்துக்குற புத்தகத்துல 'பிடிக்கும்' என்றால் விருப்பம். ஏதோ நல்லது சொல்றாருன்னு சிரிச்சுட்டு ஊருக்குப் போயிட்டான். மாசக் கடைசியில நாலு நாள் கூலி போச்சு.

பையனைத் திட்ட எனக்கு மனசு வரலை. புத்தகம் எழுதினவங்களைத்தான் திட்டுவேன். தக்காளி, வெங்காயம், மாமா, அத்தைன்னு பக்கம் பக்கமா பெயர்ச்சொல். வினைச்சொல்லுக்கு மட்டும் ஆளுக்கு ஒரே அர்த்தம். அடி என்றால் உதை, முடிஞ்சுது. வெயில் அடிக்குது, வாடை அடிக்குது, மணி அடிக்குது, வெள்ளை அடிக்குறாங்க, காப்பி அடிச்சு மாட்டிக்கிட்டான்... இதெல்லாம் எங்கே? கேட்டா "கொச்சை", இல்லேன்னா "முதல்ல அடிப்படை, அப்புறம் வழக்கு". ஐயா, காலையில எழுந்ததும் காதுல விழுறதே இதுதான். இதைவிட என்ன அடிப்படை வேணும்? க்ரியா அகராதி 1992லேயே இந்த மாதிரி வழக்கையெல்லாம் எடுத்துக்காட்டோட பதிஞ்சிருச்சு.

ஹாங்காங்ல பேசுற கான்டனீஸைப் பாருங்க. 'டா' என்றால் அடி. போன் பண்ணவும் டா, டைப் அடிக்கவும் டா, ஊசி போடவும் டா, சம்பளத்துக்கு வேலை பாக்கவும் டா. புயல் வீசினா 'டா ஃபுங்'. ஃபுங் என்றால் காத்து. அப்படியே நம்ம 'காத்து அடிக்குது'! சிகரெட்டை அவங்க 'சாப்பிடு'வாங்க. வேலையை விட்டுத் தூக்கினா 'கணவாய் வறுத்துட்டாங்க'. வாணலியில கணவாய் சுருளுற மாதிரி படுக்கையைச் சுருட்டிக்கிட்டு கிளம்பணுமாம். நாம 'சீட்டைக் கிழிச்சுட்டாங்க'ங்கறோம். இது தெரியாம அங்கே போய் வெறும் காய்கறி பேரை வெச்சுக்கிட்டு என்ன செய்யறது?

நம்ம சக பதிவர் ஒருத்தர் 'போன் அடி'ன்னு எழுதுறது தமிழைக் கொல்றதுன்னு பதிவு போட்டிருந்தார். அண்ணே, பதிவைப் 'போட்டீங்களே', எங்கே, கீழேயா? பின்னூட்டத்துல நாங்க கும்மி அடிச்சோமே, யாருக்கு வலிச்சுது? :-)

பையனுக்கு இப்ப டீக்கடையில 'போடு' நடத்திக்கிட்டு இருக்கேன். டீ போடு, சட்டை போடு, சண்டை போடு, லீவு போடு, பூட்டு போடு (திண்டுக்கல்ல இருந்துக்கிட்டு இது தெரியலைன்னா எப்படி?). அடுத்த வாரம் 'விடு'.

'பிடி'யை அவனே கத்துக்கிட்டான்.