மதிப்பெண்ணும் மனைவரியும்

ஒரு பள்ளியின் தேர்ச்சி குன்றினால், மாணவரின் சோம்பலையும் பெற்றோரின் அறியாமையையும் பழிப்பது நம் வழக்கம். அப்பழியைச் சுமத்துமுன் பள்ளியின் வரவுக் கணக்கையும் படித்தல் வேண்டும் என்பேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து எட்ஜ்வுட் பள்ளி வட்டாரம் இதற்குத் தக்க சான்றாகும்.

நம் மாநிலத்தில் அரசுப்பள்ளி ஆசிரியர்க்கு அரசுக் கருவூலமே ஊதியம் வழங்குகிறது. அங்கோ பள்ளிச் செலவில் கணிசமான பங்கு, அவ்வட்டாரத்து வீடு, நிலங்களின் மீது விதிக்கும் வரியிலிருந்து வருவது. சான் அன்டோனியோ நகர்ப்பகுதியில், மெக்சிகோ வழியினரான ஏழைத் தொழிலாளர் நிறைந்தது எட்ஜ்வுட். செல்வர் வாழ்வது அலமோ ஹைட்ஸ். 1967-68இல் நூறு டாலர் சொத்து மதிப்பிற்கு எட்ஜ்வுட் மக்கள் 1 டாலர் 5 சென்ட் வரி செலுத்தினர். அலமோ ஹைட்ஸ் மக்கள் செலுத்தியதோ 85 சென்ட். மாநிலத் திட்டத்திற்குரிய பங்கு போக, மாணவர் ஒருவர்க்கு முன்னவரிடம் எஞ்சியது 26 டாலர். பின்னவரிடம் 333 டாலர்! வரிவிகிதம் மிகுந்த இடத்தில் வருவாய் மெலிந்தது. மண்ணின் விலை அத்தகையது.

எட்ஜ்வுட் ஆசிரியருள் நூற்றுக்கு 47 பேர் முழுத்தகுதியின்றித் தற்காலிக உரிமத்தில் பணியாற்றினர். அலமோ ஹைட்ஸில் அத்தகையோர் 11 பேரே. 1968 மே திங்களில் எட்ஜ்வுட் உயர்நிலைப்பள்ளி மாணவர் வகுப்பைவிட்டு வெளியேறித் தகுதியான ஆசிரியரையும் செப்பமான கட்டடத்தையும் கேட்டனர். சோம்பேறிகள் கேட்கும் கேள்வியா இது?

அவ்வாண்டே உலோகத்தகட்டுத் தொழிலாளியான டெமெட்ரியோ ரொட்ரிகெஸும் பிற பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர். 1973இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், கல்வி அந்நாட்டு அரசமைப்பு தரும் அடிப்படை உரிமையன்று என்று கூறி, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவ்வழக்கைத் தள்ளியது. பணத்திற்கும் கல்வித் தரத்திற்கும் உள்ள தொடர்பு ஐயத்திற்குரியது என்னும் வாதமும் அங்கு எழுந்தது. வறியவர் பள்ளியைப் பற்றிப் பேசும்போதுதான் இவ்வையம் எழுகிறது! பணத்தால் பயனில்லையெனில், செல்வர் தம் மக்கள் பயிலும் பள்ளிக்கு ஏன் வாரி வழங்குகின்றனர்?

பசி, இடம்பெயர்வு, வீட்டுமொழி வேறுபாடு ஆகியவையும் தேர்ச்சியைத் தாக்குவன, மறுப்பதற்கில்லை. ஆயின் அவை மிகுந்த பள்ளிக்கன்றோ சிறந்த ஆசிரியர் முதலில் செல்லவேண்டும்? நடந்தது இதன் மறுதலை.

பிறிதொரு வழக்கில் டெக்சாஸ் உச்சநீதிமன்றம் 1989இல்தான், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, இந்நிதிமுறை மாநில அரசமைப்பிற்கு முரணானது எனத் தீர்த்தது. செல்வ வட்டாரங்களின் வரிவளத்தைப் பகிரும் சட்டம் 1993இல் வந்தது. 1968இல் முதல் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைக்கு அப்போது முப்பது வயது கடந்திருக்கும்.