நன்றியுரை போதும்; கூலி எங்கே?

மாற்றுத்திறனாளிகளின் வாழ்வை ஆராயப் புறப்படும் குழுவிலே பேராசிரியருக்குச் சம்பளம் உண்டு. வினாக்கொத்தைச் சுமந்துவரும் உதவியாளருக்கும், மொழிபெயர்ப்பாளருக்கும், வாகனச் சாரதிக்கும் படி உண்டு. அரைநாள் அமர்ந்து, தம் உடலின் வேதனையையும் வீட்டின் வறுமையையும் அந்நியர் முன் விரித்துவைப்பவருக்கு மட்டும் ஒரு கோப்பைத் தேநீரும் நன்றியுரையும்! இதுவோ நீதி?

வெள்ளவத்தையில் வாழும் சகோதரி ஒருத்தி, கொட்டாஞ்சேனையில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்துக்குச் சக்கர நாற்காலியுடன் செல்கிறாள் என வைத்துக்கொள்வோம். பஸ்ஸின் மிதிபடி அவளுக்கு மலை. முச்சக்கர வண்டியே கதி. துணைக்கு வரும் தம்பி அன்றைய உழைப்பை இழக்கிறான். பொதுக் கட்டடங்களை இத்தகையோர் அணுகத்தக்கனவாக்க வேண்டுமென்ற விதிகள் 2006இல் பிறந்தன. அவற்றைப் பேணுமாறு 2011இல் உயர் நீதிமன்றமே கட்டளையிட நேர்ந்தது. படிக்கட்டுகள் அக்கட்டளையை இன்னும் வாசித்து முடிக்கவில்லை போலும்! ஆராய்ச்சிக்கு அவள் தரும் தகவல் இலவசமன்று. அதன் விலையை அவளே செலுத்துகிறாள்.

“பணம் கொடுத்தால் சம்மதம் கெடும்” என்பர் சில அறிஞர். அமெரிக்காவின் ஃபெர்னால்ட் பள்ளியை எடுத்துக்காட்டுவர். 1940களிலும் 50களிலும், அறிவு குன்றியோரென அங்கே அடைக்கப்பட்ட சிறுவரை ‘விஞ்ஞானக் கழகம்’ என்று கூட்டி, பந்தாட்டம் பார்க்க அழைத்துச்சென்று, கதிரியக்கப் பொருள் கலந்த கஞ்சியை ஊட்டினர். மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் குவேக்கர் ஓட்ஸ் கம்பனியும் பின்னாளில் 18.5 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தன. அங்கே நஞ்சாயிருந்தது பரிசா? பெற்றோருக்குச் சென்ற கடிதத்தில் கதிரியக்கம் என்ற சொல்லே இல்லை. மறைப்பே நஞ்சு!

பெரும்பணம் ஏழையை ஆபத்தான சோதனைக்கு இழுக்கும் என்பது மெய், நாம் மறுக்கவில்லை. அதற்கு மருந்து, வெளிப்படையாக வகுத்த நியாயமான தொகை, வெறுங்கை அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 2016இல் வெளியான சர்வதேச நெறிகளும் வழிச்செலவை ஈடுசெய்க, நேரத்துக்கும் சிரமத்துக்கும் தக்கது தருக என்றே கூறுகின்றன. நீதிமன்றத்தில் சாட்சிக்குப் பத்தா வழங்குகிறார்கள். அதனால் சாட்சியம் விலைபோயிற்று என்று நாம் ஒருநாளும் வாதாடியதில்லை.

விவசாயப் பெருமக்களே! உங்கள் வயலில் பரீட்சார்த்தப் பாத்தி கட்டி, உங்கள் நீரிலும் வியர்வையிலும் புதுவிதையைச் சோதித்து, விளைந்ததை மூட்டைகட்டிக்கொண்டு ஒருவர் வணக்கம் சொல்லிப் புறப்பட்டால் வழிவிடுவீர்களா?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயமும் இருக்கிறது. ஆராய்ச்சியாளரின் செலவுப் பட்டியலில்தான் இவர்களுக்கு ஒரு வரி இல்லை. அவ்வரி இல்லாத விண்ணப்பத்தைக் கொழும்பின் நெறிமுறைக் குழுக்கள் திருப்பியனுப்ப வேண்டும். வழிச்செலவு வேறு, கூலி வேறு எனக் குறிக்கப்படல் வேண்டும். இடையில் விலகுபவருக்கும் இருந்த நேரத்துக்குரியது சேரவேண்டும். அப்பணம் இல்லத்தின் நிர்வாகியிடமோ உறவினரிடமோ அன்று, பதில் சொன்னவரின் கையிலேயே கொடுக்கப்படல் வேண்டும்.